சாதிக்காய் விளைந்த எரிமலைத் தீவுகள்

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சாதிக்காயை அறியாத வீடு குறைவு. பிரியாணி மசாலாவில் அது இருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய் ஆகியவற்றோடு உரைமருந்துக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். வெற்றிலையோடு மெல்லும் ஐந்து வாசப் பொருள்களில் ஒன்றாகச் சிலப்பதிகார உரையிலேயே அது எண்ணப்பட்டிருக்கிறது. இவ்வளவு காலமாக நம்மிடம் புழங்கும் இந்தக் கொட்டை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, உலகச் சந்தைக்கு ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவின் கிழக்கே, செராம் தீவுக்குத் தெற்கில், பண்டாக் கடலின் நடுவே கிடக்கும் பண்டா என்னும் பத்துப் பதினோரு சிறு தீவுகள் அவை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சிங்கப்பூரின் பரப்பில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது.

இந்தத் தீவுகளைப் பற்றிச் சில காலமாக நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு குறை என்னை உறுத்துகிறது. பண்டாவின் கதை பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்ட நாளில்தான் தொடங்குகிறது. தீவும் மரமும் மக்களும் அந்தக் கப்பல்களுக்காகக் காத்திருந்தவைபோல ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. அந்தக் கதையில் சோழமண்டலக் கரைக்கும் பங்கு உண்டு என்பதோ அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. ஆகவே பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆஸ்திரேலியா அமர்ந்திருக்கும் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, பண்டாக் கடலின் அடியில் செருகிக்கொண்டு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் உருகும் பாறை மேலெழுந்து வந்து, கடலடியில் ஒரு வில்லாக வளைந்த எரிமலை வரிசையை உருவாக்கியிருக்கிறது. அந்த வில்லின் ஒரு புள்ளிதான் பண்டா. அதற்குக் கிழக்கே கடல் 7 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்குகிறது. வெபர் ஆழம் என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளம், பெருங்கடல் அகழிகளைத் தவிர்த்துப் பார்த்தால் பூமியின் மிக ஆழமான கடற்பகுதிகளில் ஒன்று. நடுத்தீவுகள் மூன்றும் ஒரே எரிமலையின் துண்டுகள். பழைய எரிமலை ஒன்று வெடித்து உள்வாங்கிய பிறகு எஞ்சிய விளிம்பின் ஒரு பகுதி, பிறை வடிவில் லோந்தோர் என்னும் பெரிய தீவாக நிற்கிறது. அந்தப் பிறையின் வளைவுக்குள் பண்டா நெய்ராவும், அதற்கு எதிரே குனுங் அப்பி என்ற நெருப்பு மலையும் இருக்கின்றன. ஏறத்தாழ 640 மீட்டர் உயரமுள்ள குனுங் அப்பி, நமது புக்கிட் தீமா குன்றைப்போல் நான்கு மடங்கு உயரம். அதுவும் கடல் மட்டத்திலிருந்து நேராக எழுகிறது. விளிம்புக்கும் மலைக்கும் இடையே அகப்பட்ட கடல்தான் கப்பல்களுக்குக் கிடைத்த ஆழமான, அலையடங்கிய துறைமுகம். சற்றுத் தள்ளியிருக்கும் ஆய், ருன் போன்ற தீவுகளின் தரை வேறு. கடலடியிலிருந்து மேலே தூக்கப்பட்ட பவளச் சுண்ணாம்புக் கல் அங்கே மிகுதி.

எரிமலை உறங்கிவிட்டதாக யாரும் எண்ண முடியாது. 1586 முதல் எழுத்துப் பதிவுகளில் அதன் வெடிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. நெருப்போடு நீரும் சேர்ந்துகொண்டது. 1629இலும் 1852இலும் நிலநடுக்கத்தோடு ஆழிப்பேரலை இந்தத் தீவுகளைத் தாக்கியது. கடைசிப் பெருவெடிப்பு 1988 மே 9 அன்று நிகழ்ந்தது. மலையடிவாரத்தில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில உயிர்கள் போயின. எரிமலைக் குழம்பு சரிவில் வழிந்து கடலுக்குள் இறங்கிக் கரையோரப் பவளத்தைப் புதைத்தது. அதன் பிறகு நடந்தது ஆய்வாளர்களையே வியக்க வைத்தது. குளிர்ந்து இறுகிய அந்தக் கரும்பாறையின் மேல், ஐந்தே ஆண்டுகளுக்குள், 124 வகைப் பவளங்கள் வேரூன்றிவிட்டன. சில இடங்களில் பாறைப் பரப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேல் உயிருள்ள பவளம் மூடியிருந்தது. மேசைபோல் விரியும் பவளங்களில் சில 90 சென்டிமீட்டருக்கும் அதிகமான அகலத்தை எட்டியிருந்தன. இத்தகைய மீட்சிக்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதே அதுவரை இருந்த கணிப்பு. புதிதாக உறைந்த பாறையில் போட்டிக்கு வேறு உயிர்கள் இல்லை, சுற்றிலும் அழியாத பவளத்திட்டுகள் லார்வாக்களை அனுப்பிக்கொண்டிருந்தன, நீர் தெளிவாக இருந்தது என்று காரணங்களை அடுக்கலாம். எப்படியிருந்தாலும், அந்தக் கடலின் வளம் எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

சாதிக்காய் மரம் இந்தச் சாம்பல் கலந்த, நீர் தேங்காத, எப்போதும் ஈரம் குன்றாத மண்ணுக்குப் பழகியது. வெயிலையும் காற்றையும் நேரடியாகத் தாங்காது. பண்டாவில் அதற்கு நிழல் தருபவை கெனாரி மரங்கள். வானுயர வளர்ந்து, பலகைபோல் புடைத்த வேர்களோடு நிற்கும் கெனாரி மரங்களின் அடியில் சாதிக்காய் மரங்கள் வரிசையாக நிற்பதுதான் பண்டாத் தோட்டத்தின் அமைப்பு. மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கும் வரையில் எது எதுவென்று தெரியாது, பூப்பதற்கோ ஆறேழு ஆண்டுகள் ஆகும். மஞ்சள் நிறப் பழம் முற்றியதும் இரண்டாகப் பிளந்து, உள்ளே கருநிறக் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலையாகப் படர்ந்த சாதிபத்திரியைக் காட்டும். அந்தச் சிவப்பு மனிதருக்காக ஏற்பட்டதன்று. பழந்தின்னும் பெரிய காட்டுப்புறாக்களின் கண்ணுக்காக ஏற்பட்டது. புறா கொட்டையை முழுதாக விழுங்கி, பத்திரியை மட்டும் செரித்து, கொட்டையை வேறோரிடத்தில் வெளியேற்றிவிடும். மரம் பரவும் வழி அதுதான். பின்னாளில் இந்த மரத்தை ஒரே வேலிக்குள் அடைக்க நினைத்தவர்களுக்குப் புறாவைக் கட்டுப்படுத்தும் வழி தெரியவில்லை.

இந்தப் புறாக்களைக் கவனித்து எழுதியவர்களில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் ஒருவர். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமாவில் வண்டு பிடித்துத் தம் கிழக்குப் பயணத்தைத் தொடங்கிய அதே வாலஸ்தான். 1857 டிசம்பரில் முதன்முறையாகப் பண்டாவுக்குச் சென்ற அவர், சாதிக்காய் மரத்தைப்போல் அழகான பயிர்மரம் அரிது என்ற கருத்துப்பட எழுதினார். ஆனால் டச்சுக்காரர்களின் ஏகபோகத்தைப் பற்றி அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதிக்காய் உயிர்வாழத் தேவையான பொருளன்று, ஆகவே அதன் வணிகத்தை ஒருவரே வைத்துக்கொள்வதால் யாருக்கும் கேடில்லை என்பது அவர் வாதம். வாங்குபவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். விளைத்தவர்களின் பக்கத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் போன காலத்தில் அந்த விளைத்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே ஏறக்குறைய இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த மக்கள் எவ்வளவு பழையவர்கள் என்பதை அண்மைக் காலத்தில்தான் ஓரளவு அறிய முடிந்திருக்கிறது. ஆய் தீவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் லேப்பும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. அங்கே கிடைத்த பானை ஓட்டுத்துண்டு ஒன்றில் சாதிக்காயின் எச்சம் ஒட்டியிருந்தது. அதன் வயது ஏறத்தாழ 3,500 ஆண்டுகள். ஆற்றுநீரோ ஊற்றுநீரோ இல்லாத அந்தச் சிறு தீவில் மனிதர்கள் மீனையும் பன்றியையும் உண்டு வாழ்ந்தார்கள், சாதிக்காயைச் சமையலில் சேர்த்தார்கள் என்று அந்த ஓட்டுத்துண்டிலிருந்து அறிகிறோம்.

பிற்காலப் பண்டாவில் அரசன் இல்லை. ஓராங் காயா என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊர்களுக்குள் பகையும் கூட்டணியும் மாறி மாறி இருந்தன. தீவுகளில் நெல் விளையாது; சவ்வரிசி மாவு செராமிலிருந்தும், அரிசி சாவகத்திலிருந்தும் வந்தது. பண்டாக்காரர்கள் வீட்டிலிருந்தபடி விற்றவர்கள் அல்லர். தங்கள் மரக்கலங்களில் மலாக்கா வரை சென்று விற்றார்கள். அவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பொருள்களில் முதன்மையானது துணி, அதிலும் குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்யப்பட்ட துணி. மலாக்காவில் குடியேறியிருந்த தமிழ் வணிகர்களின் கையில் இந்தத் துணி வணிகத்தின் பெரும்பகுதி இருந்தது. திமோரைச் சந்தனத்துக்காகவும், பண்டாவைச் சாதிபத்திரிக்காகவும், மலுக்குவைக் கிராம்புக்காகவும் இறைவன் படைத்தான் என்று மலாய் வணிகர்கள் சொல்வதாகப் போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்து வைத்தார். அதைச் சொன்ன வணிகர்களின் கணக்குப் புத்தகத்தில் நாகப்பட்டினமும் பழவேற்காடும் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

போர்ச்சுகீசியரின் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1511இல் மலாக்காவைப் பிடித்த அஃபோன்சோ டி அல்புகர்க், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அந்தோனியோ டி அப்ரேவின் தலைமையில் கப்பல்களைக் கிழக்கே அனுப்பினார். அவை 1512இல் பண்டாவை அடைந்தன. நெய்ராவில் ஒரு கோட்டைக்கு அடித்தளம் போட்டுப் பார்த்தார்கள், முடிக்கவில்லை. மற்றபடி அவர்களும் மற்ற வணிகர்களோடு வணிகர்களாக வந்து வாங்கிப் போனார்கள்.

டச்சுக்காரர்கள் வேறு வகை. 1602இல் சில ஓராங் காயாக்களிடம் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள். வெயில் நாட்டில் கம்பளித்துணி கொண்டுவந்து கொடுக்கும் ஒருவருக்காக, அரிசியும் பருத்தித்துணியும் கொண்டுவரும் பழைய வாடிக்கையாளர்களை யார் கைவிடுவார்கள்? பண்டாக்காரர்கள் சாவகத்தாருக்கும் ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றார்கள். 1609இல் டச்சுத் தளபதி ஃபெர்ஹூஃபென் பேச்சுவார்த்தைக்குச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் போர்ச்சுகீசியரின் அரைகுறை அடித்தளத்தின் மேல் நசாவ் கோட்டையும், 1611இல் அதற்கு மேலே மேட்டில் ஐங்கோண வடிவில் பெல்ஜிகா கோட்டையும் எழுந்தன. 1609இன் கொலையின்போது அங்கே இளநிலை வணிகராக இருந்த யான் பீட்டர்சூன் கூன், பிறகு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக உயர்ந்தார். போர் இல்லாமல் வணிகத்தையும், வணிகம் இல்லாமல் போரையும் நடத்த முடியாது என்று 1614இலேயே மேலிடத்துக்கு எழுதியவர் அவர்.

1621இன் தொடக்கத்தில் கூன் பெரும்படையோடு வந்தார். லோந்தோர் மார்ச் மாதத்தில் வீழ்ந்தது. சரணடைந்தவர்களிடமிருந்து பிணையாட்களும் ஆயுதங்களும் வாங்கப்பட்டன. செலமோன் என்ற ஊரில் டச்சு அதிகாரி ஒருவர் பள்ளிவாசலைத் தம் தங்குமிடமாக எடுத்துக்கொண்டார். ஏப்ரல் மாதத்து இரவொன்றில் அங்கே தொங்கிய விளக்கு ஒன்று அறுந்து விழ, அதைத் தாக்குதலுக்கான அடையாளம் என்று கருதிச் சுடத் தொடங்கினார்கள். அந்த விளக்கைச் சாக்காக வைத்தே சதிக் குற்றச்சாட்டு கட்டப்பட்டது என்று சொல்லலாம். சித்திரவதையில் பெறப்பட்ட ஒப்புதல்கள் அதற்குச் சான்றாயின. மே 8 அன்று, நசாவ் கோட்டைக்கு வெளியே மூங்கில் அடைப்புக்குள் 44 ஓராங் காயாக்கள் கொண்டுவரப்பட்டு, கம்பெனியிடம் கூலிக்கு இருந்த ஜப்பானிய வாள்வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதைக் கண்ட டச்சுக்காரர்களிலேயே ஒருவர், யார் பக்கம் நியாயம் என்பதை இறைவனே அறிவான் என்று மனம் கசந்து எழுதி வைத்திருக்கிறார்.

அதற்கு முன்னும் பின்னும் நடந்தது இதைவிடப் பெரிது. ஊர்கள் எரிக்கப்பட்டன, மலைமேல் ஏறியவர்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள், பலர் பாறை உச்சியிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, நாடுகடத்தப்பட்டார்கள். 15,000 பேர் அளவில் இருந்ததாக மதிப்பிடப்படும் மக்கள்தொகையில் தீவுகளில் எஞ்சியவர்கள் ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். படகு கிடைத்தவர்கள் தப்பி, கிழக்கே கெய் தீவுகள் போன்ற இடங்களுக்குப் போனார்கள்.

ஆளில்லாத தோட்டம் விளையாது. எனவே நிலத்தை 68 துண்டுகளாக வகுத்து, கம்பெனியின் முன்னாள் ஊழியர்களுக்கும் படைவீரர்களுக்கும் கொடுத்தார்கள். வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சாவகம், புத்தோன், கெய், அரு தீவுகள் ஆகியவற்றிலிருந்து மட்டுமல்லாமல் குஜராத், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்து, 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதன் முதல் நோக்கம் மசாலாத் தீவுகளில் மாற்றுவதற்கான துணியைக் கொள்முதல் செய்வதுதான். துணி ஏறிய அதே துறைமுகங்களில், பஞ்சம் வந்த ஆண்டுகளில், மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். கடல்கடந்த தமிழரின் வரலாற்றை 19ஆம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் தொடங்குவது நம் வழக்கம். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே சாதிக்காய்க் காட்டில் பழம் பறித்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லவில்லை. கம்பெனியின் கணக்கேடுகளில் வந்த கரையின் பெயரோடு சரி.

ருன் தீவைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதன்மேல் ஆங்கிலேயர் கொண்டாடிய உரிமை 1667இன் பிரேடா உடன்படிக்கையில் டச்சுக்காரர்களுக்குப் போனது. பதிலுக்கு, ஏற்கெனவே பிடித்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமே நின்றது. சுவையான செய்திதான், ஆனால் அளவுக்கு மீறிப் பேசப்பட்டுவிட்டது. ருன்னில் வாழ்ந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அதற்குள் அங்கே ஆளில்லை.

ஏகபோகத்தைக் காக்க, முளைக்காதபடி கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். ஆயினும் 1770 வாக்கில் பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவ்ரின் முயற்சியால் கன்றுகள் மொரிஷியஸ் சென்றன. பிரிட்டிஷார் 1796இலும் 1810இலும் பண்டாவைக் கைப்பற்றி வைத்திருந்த காலங்களில் கன்றுகளைப் பினாங்குக்கும் சுமத்திராவின் பெங்கூலனுக்கும் இலங்கைக்கும் எடுத்துச் சென்றார்கள். பெங்கூலனில் ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ் 1819இல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பிய கன்றுகளும் விதைகளும் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் நடப்பட்டன. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஆர்ச்சர்ட் சாலையின் இருபுறமும் சாதிக்காய்த் தோட்டங்களாயின. மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி தம் தோட்ட அனுபவத்தை 1848இல் விரிவான கட்டுரையாகவே எழுதினார். ஸ்காட்ஸ், கெய்ர்ன்ஹில், கப்பேஜ் என்று இன்று நாம் அங்காடிகளின் முகவரியாகச் சொல்லும் பெயர்கள் அன்றைய தோட்டக்காரர்களை நினைவூட்டுபவை. 1850களில் மரங்களை நோய் பிடித்தது. கிளைகள் நுனியிலிருந்து கருகின. 1860களில் தோட்டங்கள் கைவிடப்பட்டன. பண்டாவின் எரிமலை மண்ணில் நிழலில் நின்ற மரத்தை, சத்துக் குறைந்த செம்மண்ணில் வெட்டவெளியில் நெருக்கி நட்டதும் அதற்குத் துணை போயிருக்கும் என்பது என் எண்ணம். பினாங்கில் மரம் நிலைத்துவிட்டது. அங்கே சாதிக்காய்ச் சாறு இன்றும் கோப்பித்தியாமில் கிடைக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் பண்டா நாடுகடத்தப்பட்டவர்களின் ஊராயிற்று. முகமது ஹத்தாவும் சுத்தான் ஷாரிரும் 1936 முதல் 1942 வரை அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள்; ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஒருவர் இந்தோனேசியாவின் முதல் துணை அதிபராகவும், மற்றவர் முதல் பிரதமராகவும் ஆனார்கள். இரண்டு தீவுகள் இன்று அவர்கள் பெயரால் வழங்குகின்றன. கூனின் சிலை 1893 முதல் அவர் பிறந்த ஹோர்ன் நகரத்தில் நிற்கிறது. அதை வைத்திருக்கலாமா என்ற வாக்குவாதம் அங்கே ஓயவில்லை.

இன்று பண்டாவில் பேசப்படுவது மலாயின் ஒரு வகை. 1621க்கு முன் அங்கே பேசப்பட்ட மொழி அழியவில்லை. பெரிய கெய் தீவில் பண்டா எலி, பண்டா எலாட் என்ற இரண்டு ஊர்களில், தப்பிப்போனவர்களின் வழிவந்தவர்கள் அதை இன்னும் பேசுகிறார்கள். தங்கள் ஊர்க்கதைகளையும் பாடல்களையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். பயணக் கட்டுரை எழுதுவோர் நெய்ராவின் கோட்டைகளையும் குனுங் அப்பியின் உச்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கப்பல்கள் வருவதற்கு முந்தைய பண்டாவை எழுத விரும்புபவர் அம்போனிலிருந்து வரும் கப்பலில் நெய்ராவில் இறங்கிவிடாமல், கெய் வரையில் போக வேண்டியிருக்கும்.